பன்னிரண்டு கட்டைகளும் ஒரு வலது காலும்

நாடகக் கொட்டகையில் எல்லோரும் தூங்கலாம். ராஜா தன் காட்சி முடிந்ததும் படுதாவுக்குப் பின்னால் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குறட்டை விடலாம். ராணி வேஷக்காரன் சவுரி கலையாமல் உட்கார்ந்தபடியே கண்ணயரலாம். தரை டிக்கெட்டில் பாதிப் பேர் இரண்டாம் அங்கத்திலேயே துண்டை விரித்துவிடுவார்கள். தூங்கக் கூடாத பிறவி ஒன்றே ஒன்றுதான். மேடைக்கு ஓரமாக, காலால் மிதிக்கிற ஹார்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்காரன். அவன் கால் நின்றால் காற்று நிற்கும், காற்று நின்றால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் தரை டிக்கெட் விழித்துக்கொள்ளும். அப்புறம் நடப்பதை எழுத வேண்டியதில்லை.

நாச்சிமுத்து அந்தப் பிறவி. சங்ககிரிக்கு மேற்கே, கிணறும் காடுமாக ஓரளவு வசதியுள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ப் பஜனை மடத்துக் கைப்பெட்டியில் விளையாட்டாக விரல் வைத்துப் பழகியவர். மாரியம்மன் நோம்பிக்கு வந்த நாடகக் கம்பெனியின் பெட்டிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று போய் உட்கார்ந்தார். அந்த ஒரு ராத்திரி இருபது வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது. ஏர் பிடிக்க வேண்டியவன் கூத்தாடிகளோடு போய்விட்டான் என்று அவருடைய அப்பா கண்ணை மூடும் வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பங்குக்கு வந்த தோட்டத்தை மனைவி முத்தாயம்மாள் ஆள் வைத்து ஓட்டினாள். சோளம், கடலைக்காய், கிணற்றடியில் கொஞ்சம் கத்தரி. வருஷத்தில் நாலைந்து தடவை அவர் வீட்டுக்கு வருவார். வந்ததும் முத்தாயம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "வாங்க" என்பாள். அந்தப் பக்கத்தில் வாசலுக்கு யார் வந்தாலும் அதுதான் மரியாதை. சம்பந்தி வந்தாலும் தண்ணீர், கடன்காரன் வந்தாலும் தண்ணீர். அவள் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் கட்டின பெண்டாட்டி கையால் அந்தச் சொம்பை வாங்கும்போதெல்லாம் தானும் அங்கே ஒரு விருந்தாளிதான் என்று அவருக்குத் தோன்றும். ஒரே மகளின் கல்யாணத்துக்கு விருதுநகரில் நாடகத்தை முடித்துக்கொண்டு முகூர்த்தத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் அவரைப் பார்த்து, நீங்க எந்த ஊட்டுக்குச் சொந்தமுங்க என்று மரியாதையாகவே கேட்டார். அதை நாச்சிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

நாற்பத்தைந்தைத் தாண்டியபோது அவருக்குப் பெரிய ஆசைகள் எல்லாம் விட்டுப் போயிருந்தன. பேர் வாங்க வேண்டும், தங்க மெடல் குத்திக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கொட்டகைப் புழுதியிலோ உதிர்ந்துவிட்டது. கண் எப்போதும் எரிந்தது. வலது முழங்கால் மழைக்கு முந்தியே மழையைச் சொன்னது. மிஞ்சிய ஆசை ஒன்றுதான். ராத்திரியில் தூங்க வேண்டும். அதுவும் தன் பெண்டாட்டி இருக்கிற வீட்டில் தூங்க வேண்டும்.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம் கம்பெனி சேலத்தில் முகாம் போட்டது. அது முடிந்ததும் எல்லோரும் கொழும்புக்குக் கப்பலேறுவதாக ஏற்பாடு. போனால் திரும்பி வர ஒரு வருஷமாகும் என்றார் முதலாளி. அந்தப் பேச்சைக் கேட்டது முதல் நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில்தான் சேலத்துப் படக் கம்பெனி ஒன்றின் சங்கீத டைரக்டர் நாடகம் பார்க்க வந்தார். பட்டணத்து மனுஷர், மூக்குக் கண்ணாடி, வாயில் வெற்றிலை. நாடகம் முடிந்து விடிகிற நேரத்தில் நேரே பெட்டியண்டை வந்து நின்றார்.

பாடுகிறவன் சுருதி இறங்கும்போது அவனுக்கே தெரியாமல் நீங்களும் அரைக் கட்டை இறங்கி அவன் மானத்தைக் காப்பாற்றினீர்களே, கவனித்தேன் என்றார். எங்கள் கம்பெனியில் பியானோ வாசிக்க ஆள் வேண்டும் என்றார். படத்தில் பாட்டு மட்டும் போதாது, பேச்சுக்கு அடியிலும் வாத்தியம் ஓட வேண்டும், வில்லன் மாடிப்படி ஏறும்போது பாட்டா பாட முடியும் என்று கேட்டுவிட்டு, நின்றபடியே இரண்டு கையையும் கட்டைகளின் மேல் வைத்து, மிதிங்க என்று கண்ணைக் காட்டினார். நாச்சிமுத்து மிதித்தார். டைரக்டரின் விரல்கள் வெள்ளை, கறுப்பு ஒன்றையும் விடாமல் அடியிலிருந்து உச்சி வரை ஓடி, அதே வேகத்தில் இறங்கி வந்தன. கேட்டவர் தன்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

இதற்குக் குரோமாட்டிக் ஸ்கேல் என்று பெயர், பயப்பட வேண்டிய இடம், மயங்கி விழுகிற இடம், புயல், கனவு, எல்லாவற்றுக்கும் இது வேண்டும் என்றார் டைரக்டர். இரண்டு கையிலும் வேகமாக, ஒரே சீராக, கட்டைக்குக் கட்டை தனித்தனியாகக் கேட்கும்படி இது வந்துவிட்டால் மற்றதை நானே சொல்லிக் கொடுப்பேன், உங்கள் முகாம் முடிகிற வாரத்தில் வந்து வாசித்துக் காட்டுங்கள் என்றார். மாதச் சம்பளம், பகல் வேலை. நாச்சிமுத்து கேட்டது ஒரே கேள்வி.

"ராத்திரி வேல உண்டுங்களா?"

"எப்பவாவது இருக்கும். மத்தபடி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்."

அந்தப் பதிலைக் கேட்டபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுகிறவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேலத்தில் பியானோவுக்கு எங்கே போவது? வெள்ளைக்காரர் கிளப்பில் ஒன்று இருந்தது. அதன் பக்கம் இவர் போனால் வாசற்காரனே துரத்திவிடுவான். விசாரித்து விசாரித்துக் கடைசியில் அம்மாபேட்டையில் அப்புசாமி முதலியார் என்ற பட்டு நூல் வியாபாரி வீட்டில் ஒன்று இருப்பது தெரிந்தது. ஏற்காட்டுத் தோட்டக்காரத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் விட்டதை, அதன் பளபளப்புக்காகவே முதலியார் எடுத்திருந்தார். மலையிலிருந்து மாட்டு வண்டியில் இறங்கி வந்த சாமான். கூடத்தில் அதன் மேல் ஒரு கடிகாரமும் செட்டியார் பொம்மையும் உட்கார்ந்திருந்தன. நாச்சிமுத்து வந்து கேட்டதும் முதலியாருக்கு வாயெல்லாம் பல். பகலில் எப்போது வேண்டுமானாலும் வாசியுங்கள், வீட்டில் சங்கீதம் கேட்டால் லட்சுமிகரமாக இருக்கும் என்றார். பாவம், என்ன வாசிக்கப் போகிறார் என்று அவருக்குத் தெரியாது.

அன்று முதல் நாச்சிமுத்துவின் தூக்கத்துக்கு அடியோடு கேடு வந்தது. ராத்திரி பூராவும் கொட்டகை. விடிந்து பல் விளக்கி, நாலு இட்லியைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் படுக்கிற நேரத்தில் இவர் அம்மாபேட்டைக்கு நடந்தார். தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவுக்காரரின் கால் மிதிக்க, நூல் பிரிந்து வழி விடும், ஊடு நூலோடு நாடா அங்குமிங்கும் ஓடும். நாச்சிமுத்து அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். நம்மைப் போலவே காலால் சோறு தின்கிற ஜனம் என்று நினைத்துக்கொள்வார்.

பெட்டிக்காரர்களுக்குக் கட்டைகளுக்கு எண் உண்டு. ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. அரை என்பதெல்லாம் கறுப்பு. மூன்றுக்கு அப்புறம் மூன்றரை கிடையாது. நேரே நாலு. அப்படியே ஏறி ஏழுக்குப் போனால் ஏழரையும் கிடையாது. ஏழரை பெட்டியில் இல்லை, அது நம் ஜாதகத்தில் இருக்கிறது என்று பெட்டிக்காரர்கள் கேலி பேசிக்கொள்வார்கள். இந்தப் பன்னிரண்டு கட்டையும் நாச்சிமுத்துவுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. யார் எந்தக் கட்டையில் பாட ஆசைப்பட்டாலும் அங்கே போய் நிற்பார். ஆனால் பன்னிரண்டையும் வரிசையாக, ஒன்றையும் விடாமல், ஒருநாளும் அவர் தொட்டதில்லை. எதற்குத் தொட வேண்டும்? எந்த ராகத்தில் அப்படி வருகிறது?

விரல் கணக்கு டைரக்டர் சொன்னதுதான். கறுப்புக்கெல்லாம் நடுவிரல், வெள்ளைக்கெல்லாம் கட்டைவிரல். வெள்ளை இரண்டு ஒட்டி வருகிற இடத்தில் மட்டும் ஆள்காட்டி விரல் கை கொடுக்கும். பெட்டியில் கட்டைவிரலுக்கு அவ்வளவாக வேலை இல்லை. வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை மாதிரி ஓரமாகக் கிடக்கும். அதை இந்த வயதில் எழுப்பி, ஒன்றுவிட்டு ஒன்று உழைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வலித்தது. இரண்டு கையும் சேர்ந்தபோது இன்னும் மோசம். வலது கையில் ஆள்காட்டி விரல் நாலாம் கட்டையில் விழ வேண்டும், இடது கையிலோ மூன்றாம் கட்டையிலேயே விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வந்து இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்து முழித்தன. ஏழாம் கட்டையிலும் அதே கூத்து.

பியானோவின் குணமும் அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டியில் கட்டையைத் தொட்டால் போதும், மிதிக்கிற வரைக்கும் பாடிக்கொண்டிருக்கும். இதில் அடிக்க வேண்டும். அடித்து விரலை எடுத்ததும் நாதம் செத்துப்போகும். சாகிறதே என்று அவருடைய வலது கால் பழக்க தோஷத்தில் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அங்கே மிதிக்க ஒன்றுமில்லை, கீழே பலகையில் இரண்டு வெற்றுத் துளைகள் மட்டும் இருந்தன. கால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அது பாட்டுக்குத் தரையை மிதித்தது. அவரும் கவலைப்படவில்லை. இருபது வருஷப் பழக்கம், தன் கால் அசைவதே அவருக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட அவரைச் சோர்வடைய வைத்தது அந்த வரிசைதான். எந்த ராகமானாலும் எங்கே சுற்றினாலும் கடைசியில் ஸட்ஜத்தில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் கேட்கிறவனும் மூச்சு விடுவான். இதில் உட்கார இடமே இல்லை. ஒவ்வொரு கட்டையாகத் தட்டிவிட்டு, இங்கே இல்லை, அடுத்ததுக்குப் போ, அங்கேயும் இல்லை, அதற்கு அடுத்ததுக்குப் போ என்று விரட்டிக்கொண்டே இருந்தது. விருதுநகர், பரமக்குடி, காரைக்குடி, தஞ்சாவூர், இப்போது கொழும்பு. இதைப் போய் உட்கார்ந்து பழக வேண்டுமா, நான் பிழைக்கிற பிழைப்பே இதுதானே என்று ஒருநாள் அவருக்கு வெறுத்துப் போயிற்று. பியானோ மூடியில் தலையை வைத்து அங்கேயே தூங்கிவிட்டார். முதலியாரின் மனைவி ஜானகியம்மாள் பார்த்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் கூடத்துக் கதவைச் சாத்தி வைத்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதி. வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்த முதலியார் மெதுவாக வந்து, இதெல்லாம் சரி, பாட்டு எப்போது வரும் என்று கேட்டார். இதுதாங்க பாட்டு என்றார் நாச்சிமுத்து. முதலியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

நடுவில் ஒரு நாள் ஊருக்குப் போய் முத்தாயம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். இந்தப் பரீட்சையில் தேறிவிட்டால் ஊர் சுற்றுவது முடிந்தது, சேலத்திலேயே ஒரு வீடு பிடிக்கலாம், நீயும் வந்துவிடலாம் என்றார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அங்க கெணறு இருக்குதுங்களா என்று மட்டும் கேட்டாள். குழாயே வீட்டுக்குள் வரும் என்றார் அவர். சரிங்க என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அவளும் வெயிலில் நின்று களைத்தவள்தான், முகத்தில் எதுவும் சட்டென்று ஏறாது.

எப்படியோ அந்த வரிசை கைக்கு வந்துவிட்டது. ஒரு மத்தியானம், தறிச் சத்தத்தின் நடுவே, தூக்கக் கலக்கத்தில் விரல்களைக் கவனிக்காமல் விட்டிருந்தார். திடீரென்று பார்த்தால் இரண்டு கையும் மூன்றாம் கட்டையையும் நாலாம் கட்டையையும் தாண்டி ஏழைத் தாண்டி உச்சிக்குப் போய்விட்டன. திரும்பி இறங்கச் சொன்னார், இறங்கின. வேகமாகப் போகச் சொன்னார், போயின. ஒவ்வொரு கட்டையும் கோத்த மணி மாதிரி தனித்தனியாக உருண்டது. வாசலில் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நாச்சிமுத்துவுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆனால் மனசு குளிர்ந்திருந்தது. இனித் தூங்கலாம் என்று நினைத்தார்.

முகாமின் கடைசி வாரம் வந்தது. வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. மலையடிவாரத்துப் படக் கம்பெனிக்கு மோட்டாரில் போய் இறங்கினார். உள்ளே நீளமான அறை. வயலின்காரர்கள், புல்லாங்குழல்காரர், தபலாக்காரர் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பியானோ. முதலியார் வீட்டுப் பியானோவை இதன் அருகில் வைத்தால் வேலைக்காரி மாதிரி இருக்கும். டைரக்டர் அன்பாகத்தான் வரவேற்றார். காபி வாங்கிக் கொடுத்தார். பதற வேண்டாம், உங்கள் இஷ்டத்துக்கு வாசியுங்கள் என்றார்.

நாச்சிமுத்து மனசுக்குள் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு கையை வைத்தார். அடியிலிருந்து ஏறினார். விரல் தவறவில்லை. மூன்றும் நாலும் சரியாக விழுந்தன. ஏழும் தாண்டியது. ஆனால் காதில் விழுந்தது அவர் வாசித்தது இல்லை. கட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒட்டிக்கொண்டு, அறை பூராவும் ஒரே இரைச்சலாகச் சுழன்றது. நாலு குழம்பையும் ஒரே சட்டியில் ஊற்றிக் கலக்கியது போல ஆகிவிட்டது. வயலின்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். நாச்சிமுத்து கையை எடுத்து நிறுத்தினார். நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை. அது அவர் காலடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

டைரக்டர் குனிந்து பார்த்தார். பியானோவுக்கு அடியில் பித்தளையில் மிதிகள். வலது மிதியின் மேல் நாச்சிமுத்துவின் கால். அதை மிதித்தால் அடித்த கட்டை எல்லாம் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை இப்படி ஓட்டும்போது அதைத் தொடவே கூடாது என்று விளக்கினார். அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு முதலியார் வீட்டுத் துளைகள் புரிந்தன. மலையிலிருந்து இறங்கும்போதே அந்த மிதிகள் கழன்று விழுந்துவிட்டன. பித்தளையாயிற்றே என்று முதலியார் அவற்றை எடுத்துப் போய்க் கடையில் நூல் கட்டு பறக்காமல் பாரம் வைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவே அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார், எதன் சாமான் என்று தெரியாமல்.

காலை எடுத்துவிட்டு வாசியுங்கள் என்றார் டைரக்டர். எடுத்தார். வாசித்தார். பாதியில் கால் தானே போய் மிதியில் உட்கார்ந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி போயிற்று. கை ஓடத் தொடங்கினால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்றது. காற்று நின்றுவிடும், பாட்டு செத்துவிடும், ஜனம் எழுந்துவிடும் என்று அதற்கு இருபது வருஷத்துப் பயம். கடைசியில் அவர் வெட்கத்தை விட்டு, முக்காலியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தார். சுத்தமாக வந்தது. மணி மணியாக வந்தது. தபலாக்காரர் தன்னை அறியாமல் தலையாட்டினார். ஆனால் சம்மணம் போட்டுக்கொண்டு எத்தனை நாள் வாசிப்பது? மற்ற இடங்களுக்கு அந்த மிதி வேண்டும், தொட வேண்டிய இடத்தில் தொட்டு விட வேண்டிய இடத்தில் விட வேண்டும்.

டைரக்டர் அவரை வெளியே அழைத்துப் போனார். நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை.

"கை தேறிடுச்சு. காலுக்கு இன்னும் ஆறு மாசமாவது ஆகும். எனக்கு நாளான்னைக்கு ஒலிப்பதிவு. பட்டணத்திலிருந்து ஒருத்தரை வரச் சொல்லித் தந்தி அடிச்சிடறேன். மனசில வெச்சுக்காதீங்க."

நாச்சிமுத்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கையைப் பழக்க இத்தனை பாடு, இனிக் காலை மறக்கடிக்க யாரால் முடியும் என்ற அலுப்புதான் உடம்பு பூராவும் இருந்தது. கொழும்புக்குப் போவதற்குள் ஒரு நாள் அவகாசம். வீட்டிலிருக்கும் துணிமணிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று சங்ககிரிக்கு ரயிலேறினார்.

வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. முத்தாயம்மாள் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்குக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். விரல், கட்டை, மிதி, சம்மணம் போட்டது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம், பிறகு பார்க்கலாம் முத்தாயி, இந்தத் தடவை தேறவில்லை என்றார்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. உரித்த பருப்பை முறத்தின் ஓரமாக ஒதுக்கினாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். நம்ம ஊட்டுல நீங்க இருக்கறதுக்கு அந்தப் பட்டணத்துக்காரரு எதுக்குங்க பரீட்ச வெக்கோணும்?"

சம்பளம் இல்லாமல் எப்படி என்று நாச்சிமுத்து இழுத்தார். கெணத்துல தண்ணி இருக்குதுங்க, ரெண்டு உசுருக்குச் சோறு இருக்குதுங்க, இத்தனை வருஷம் அந்தச் சோத்தைத்தான் நான் தின்னுட்டு இருக்கறேன் என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"எனக்குக் காட்டு வேல ஒண்ணுந் தெரியாதே முத்தாயி. ஊர்ல சிரிப்பாங்க. இங்க இருந்து நான் என்ன பண்ணுவேன்?"

"ஏர் ஓட்டவா கூப்பிட்டேன்? இருங்கன்னுதானுங்க சொல்றேன். நானுங் களச்சுப் போயிட்டனுங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவரை உலுக்கிவிட்டது. இத்தனை வருஷமும் களைத்தவன் தான் ஒருவனே என்றுதான் அவர் நினைத்திருந்தார். வீட்டில் தங்க வேண்டுமானால் கையில் ஏதாவது கொண்டுவர வேண்டும், ஒரு வேலை, ஒரு சம்பளம், ஒரு பெயர், வெறுங்கையோடு வந்து நிற்கக் கூடாது என்று நினைத்திருந்தார். இருங்கள் என்று அவள் சொல்ல ஆசைப்பட்டிருப்பாள் என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை. எப்போதும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நிற்கிற மனுஷனிடம் எதைச் சொல்வது? நினைக்க நினைக்க அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனால் அதையும் சொல்லாமல், முறத்தைத் தன் பக்கம் இழுத்து, அவரும் நாலு கடலைக்காயை எடுத்து உரித்தார்.

மறுநாள் பகல் ஏறியும் அவர் சேலத்துக்குக் கிளம்பவில்லை. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. முத்தாயம்மாள் இரண்டு தடவை உள்ளே வந்து, மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்படி ஒரு தூக்கம். மத்தியானம் கம்பெனியில் சாமான் பார்க்கிற சென்றாயன் சேலத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். ராத்திரி வண்டிக்கு எல்லோரும் கிளம்பியாகிவிட்டது, பெட்டிக்காரரைக் கையோடு கூட்டி வரச் சொன்னார் முதலாளி என்றான்.

அந்தச் சத்தத்தில் நாச்சிமுத்து விழித்துக்கொண்டார். எழுந்து போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். உடம்பு எழவில்லை. வாசலில் முத்தாயம்மாள் நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. யார் வந்து அவரைக் கேட்டாலும் அந்த வாசலில் நின்று அவள் சொல்வது ஒரே பதில்தான், ஊர்ல இல்லீங்க என்று. வரி கேட்க வந்த மணியக்காரருக்கும் அதுதான், கல்யாணம் சொல்ல வந்த சொந்தக்காரருக்கும் அதுதான். அவள் வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பிடித்தது. வேறு வார்த்தை பழக்கமில்லை.

"அவுங்க ஊட்டுல இருக்கறாங்க சாமி," என்றாள். "வர மாட்டாங்கன்னு போய்ச் சொல்லு."